கொழுந்துக்கு இருக்கும் கணக்கு ஆளுக்கு இல்லை

“தோட்டத்து ஆளுக்கு எதற்கு வண்டி? லயத்தை விட்டு இறங்கினால் மலை.” இலங்கை மலையகத்தில் தொழிலாளரின் போக்குவரத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் முதலில் வந்து விழும் பதில் இதுதான். கம்பனிக்காரர் மட்டும் சொல்வதல்ல இது. தொழிற்சங்கக் காரியாலயத்தில் சொல்கிறார்கள், ஹட்டன் டவுன் கடைவாசலில் சொல்கிறார்கள், லயத்தில் பிறந்து படித்து உத்தியோகத்துக்குப் போனவர்களும் சொல்கிறார்கள். இந்தப் பதிலைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தால் அதன் முதுகுக்குப் பின்னால் நிற்கும் மற்றவை வெளியே வரும். ஏற்றிக்கொண்டு போவது துரை செய்யும் உதவி, உதவியில் குறை பிடிக்கக் கூடாது என்பார்கள். வண்டி குடைசாய்ந்தால் சாரதியின் பிழை என்பார்கள். பாதை மோசம், அது அரசாங்கத்தின் பாடு என்பார்கள். எல்லாம் முடிந்தபின் செலவு தாங்காது என்பார்கள். இவற்றில் ஒன்றைக்கூட நான் ஏற்கவில்லை. ஆளை வேலைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதும் வேலையின் ஒரு பகுதி. அதன் பாதுகாப்பு வேலை கொடுப்பவரின் பொறுப்பு. அந்தப் பொறுப்பு எழுத்தில் இருக்க வேண்டும், தமிழில் இருக்க வேண்டும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும்.

லயத்தை விட்டு இறங்கினால் மலை என்பது ஒரு காலத்தில் உண்மைதான். டிவிசனுக்கு நடுவில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயம், லயத்தைச் சுற்றி நம்பர் போட்ட மலைகள் என்றுதான் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை அமைத்தார்கள். விடியற்காலைக் கொம்பு ஊதினால் ஆள் ஓடிவந்து நிற்க வேண்டும் என்பதே அந்த அமைப்பின் நோக்கம். அந்தக் காலம் போய்விட்டது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனபோது இருந்த ஆள்பலம் இப்போது இல்லை. பிள்ளைகள் கொழும்புக்குப் போய்விட்டார்கள், தாய்மார் பலர் மத்திய கிழக்குக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பவர்களை வைத்தே எல்லா மலைகளையும் சுற்ற வேண்டியிருப்பதால் மேல் டிவிசன் ஆளைக் கீழ் டிவிசனுக்கு ஏற்றுகிறார்கள். கவ்வாத்து வெட்டும் கூட்டத்துக்கு இன்றைக்கு ஒரு மலை, நாளைக்கு மைல் கணக்கில் தள்ளி இன்னொரு மலை. தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் இரவு வேலை செய்பவர் நடுச்சாமத்தில் வீடு திரும்ப வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மாமார் கைக்காசுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்கும் நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களுக்கும் போகிறார்கள். ஆடைத் தொழிற்சாலை வேன்கள் லயத்து வாசலுக்கு வந்து இளம் பெண்களை ஏற்றிப் போகின்றன. இவர்கள் எல்லோரும் ஏதோவொரு வண்டியில்தான் போகிறார்கள்: டிரக்டர் பெட்டி, கொழுந்து லொறி, பட்டா லொறி, இருக்கைக்கு இரண்டு மடங்கு ஆளை அடைத்த வேன். எனவே வண்டி வேண்டுமா என்ற கேள்வியே பழைய கேள்வி. வண்டி ஏற்கெனவே ஓடுகிறது. எந்த ஒழுங்கும் இல்லாமல் ஓடுகிறது.

அது ஓடும் இடம் எது என்பதையும் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, ஹட்டன் போகும் வழியில் உள்ள வட்டவளை இலங்கையிலேயே மழை மிகுந்த இடங்களில் ஒன்று. ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை வழியாக ஏறி ஹட்டன் போகும் ஏ-7 வீதி இந்த மலைச் சரிவைக் கீறிக்கொண்டு போகிறது. சற்றுத் தள்ளி நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டன் போகும் ரயில் பாதை. 1992இல் வட்டவளையில் மண் நகர்ந்து அந்த ரயில் பாதையையே இடம்பெயர்த்தது. பாறையும் கொங்கிறீட்டும் போட்டுக் கட்டிய ரயில் பாதை நகரும் இடத்தில், தோட்டத்துக்குள் போகும் ஒற்றைத் தடப் பாதையின் விளிம்பு எந்த நிலையில் இருக்கும்? தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டால் மே மாதத்திலிருந்து காலையும் மாலையும் மூட்டம். முன்னால் வரும் வண்டியின் விளக்கு, வளைவுக்கு வந்தபிறகுதான் தெரியும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டபோது மலைநாட்டுப் பாதைகள் எத்தனை இடத்தில் அறுந்தன என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. இப்படிப்பட்ட நிலத்தில் ஆளை ஏற்றும் வண்டிக்கு எழுத்தில் ஒரு விதியும் இல்லாமல் விடுவது கவனக்குறைவு மட்டுமல்ல. அந்த ஆளின் உயிருக்குக் கொடுக்கும் மதிப்பைச் சொல்லும் செயல் அது.

மதிப்பு என்று ஏன் சொல்கிறேன் என்றால், இதே நிர்வாகத்துக்கு ஒழுங்காக ஏற்றி இறக்கத் தெரியாமல் இல்லை. கொழுந்து எப்படிப் போகிறது என்று பாருங்கள். பறித்த கொழுந்து கசங்கக் கூடாது, சூடேறக் கூடாது. சாக்கில் அமுக்கி அடைத்தால் உள்ளே வெந்து சிவந்துவிடும், பிறகு எவ்வளவு கவனமாக அரைத்தாலும் தூளின் தரம் போய்விடும். ஆகவே சாக்குக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டு. மடுவத்தில் நிறுக்கிறார்கள், எழுதுகிறார்கள், லொறி புறப்படும் நேரத்தைக் குறிக்கிறார்கள். ஸ்டோரில் இறக்கியதும் திரும்பவும் நிறுக்கிறார்கள். இரண்டு நிறைக்கும் இடையே வித்தியாசம் வந்தால் கேள்வி கேட்கிறார்கள். லொறி வர முடியாத அளவுக்குப் பாதை கெட்டால் அன்றைக்கே மண்வெட்டியோடு ஆள் போகிறது. இவ்வளவு கணக்கும் கட்டுப்பாடும் ஒரு நாள் கொழுந்துக்கு. அதே லொறியின் தட்டில் காலையில் ஏறும் பெண்கள் எத்தனை பேர் என்று யார் எழுதுகிறார்கள்? எத்தனை பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்று எந்தப் பலகையில் எழுதியிருக்கிறது? பின்கதவின் கொக்கி போட்டிருக்கிறதா என்று பார்ப்பது யார் வேலை? பல தோட்டங்களில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. நிர்வாகத்துக்கு அறிவு இருக்கிறது, வழக்கம் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது. அவை கொழுந்துக்கு மட்டும் செலவாகின்றன.

இது நேற்று வந்த பழக்கமல்ல. மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்த நம் முன்னோர் கொலராவிலும் பசியிலும் வழிநெடுக விழுந்தார்கள். அதே காலத்தில் கோப்பிக் கொட்டையைக் கொழும்புக்கு இறக்க ரயில் போட்டார்கள். 1867இல் கண்டிக்கு, 1874இல் நாவலப்பிட்டிக்கு, 1884இல் ஹட்டனுக்கு ரயில் வந்தது. அந்தப் பாதையில் வட்டவளையைத் தாண்டி ஹட்டன் ஏறிய ரயிலுக்குக் கணக்குப் போட்டவர்கள் சரக்கின் தொன்னைக் கணக்குப் போட்டார்கள். விளைந்ததை ஏற்றும் வண்டிக்கும் விளைவித்தவரை ஏற்றும் வண்டிக்கும் இடையே உள்ள இந்தத் தூரம் ஒன்றரை நூற்றாண்டாகக் குறையவில்லை.

அடுத்தது உதவி என்ற வாதம். வண்டி விடுவது நிர்வாகத்தின் நல்ல மனம், அதற்கு விதி எழுதச் சொன்னால் வண்டியையே நிறுத்திவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். மலையகத்தின் வரலாறு இந்த வாதத்தைப் பலமுறை தோற்கடித்திருக்கிறது. துண்டு முறையில் தொழிலாளியின் கடன் அவனோடு கைமாறியது, அது தோட்டத்தின் வழமை என்றார்கள். 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. கூலி என்பது துரைக்கும் கங்காணிக்கும் இடையில் முடிவாகும் விஷயமாக இருந்தது. 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. பிள்ளை பெற்றவளுக்கு ஏதோ கொடுப்பது துரைசானியின் இரக்கமாக இருந்தது. 1939இல் பிரசவ நலன்கள் சட்டம் வந்தபின் அது பெண்ணின் உரிமை. எல்லாம் முதலில் உதவியாகவே இருந்தன, பிறகு கடமையாயின. தோட்டம் எதுவும் அதனால் மூடப்படவில்லை. வண்டியும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: வண்டி விடுவதால் யாருக்கு இலாபம்? நடந்து போனால் எட்டரை மணிக்கு மலை ஏறும் ஆள், வண்டியில் போனால் ஏழரைக்குக் கூடையோடு நிற்கிறாள். அந்த ஒரு மணி நேரக் கொழுந்து கம்பனியின் ஸ்டோருக்குத்தான் போகிறது. தன் உற்பத்திக்காக ஓட்டும் வண்டியை உதவி என்று பெயரிட்டுப் பொறுப்பிலிருந்து நழுவ விடக் கூடாது.

சாரதியின் பிழை என்ற வாதம் கேட்பதற்கு மிக இலகுவானது, அதனாலேயே மிக ஆபத்தானது. 2023 ஆகஸ்ட் 25 அன்று கேரளத்தின் வயநாட்டில், மானந்தவாடிக்கு அருகே தலப்புழைப் பக்கம், தேயிலைத் தோட்ட வேலை முடிந்து வீடு திரும்பிய பெண்களை ஏற்றிய ஜீப் வளைவில் கட்டுப்பாட்டை இழந்து பள்ளத்தில் விழுந்தது. ஒன்பது பெண்கள் இறந்தார்கள், அத்தனை பேரும் மக்கிமலை என்ற ஒரே ஊர்க்காரர்கள். ஒரு ஜீப்பில் பத்துப் பேருக்கு மேல் ஏறியிருந்தார்கள். அந்த ஜீப்பை ஓட்டியவரை மட்டும் விசாரித்தால் அந்த மாலையின் காரணம் கிடைக்குமா? ஒரே ஜீப்பில் எல்லோரும் போவதென்று முடிவு செய்தது எது? இரண்டாவது ஜீப்புக்குப் பணம் யார் தரவில்லை? அதன் பிரேக்கைக் கடைசியாக யார் பார்த்தது, எந்த ஏட்டில் எழுதியது? அந்தப் பாதையில் அந்த வண்டி தினமும் போகலாம் என்று யார் சொன்னது? சாரதி கடைசி ஆள். அவருக்கு முன்னால் முடிவெடுத்தவர்கள் வரிசையாக இருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் இதே பழக்கம்தான். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ராதல்லைக் குறுக்குப் பாதையில் கொழும்பிலிருந்து மாணவர்களை ஏற்றி வந்த பஸ், ஒரு வேனிலும் ஒரு முச்சக்கர வண்டியிலும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். வேனில் போனவர்கள் ஹட்டன் பக்கத்துக் குடும்பத்தினர். அதற்குப் பிறகுதான் அந்தச் செங்குத்துப் பாதையில் கனரக வண்டிகள் போகலாமா என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. 2025 மே 11 அதிகாலையில் கொத்மலை கெரண்டிஎல்லையில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் ஏற்றிய அளவையும் சாரதியின் களைப்பையும் நாடு பேசியது. இந்த இரண்டும் பொது வீதியில் நடந்ததால் நாடு பேசியது. தோட்டத்துப் பாதையில் டிரக்டர் பெட்டி புரண்டால் மறுநாள் பத்திரிகையில் நான்கு வரி வரும், சாரதி கைது என்று முடியும். அந்தச் சாரதியும் பெரும்பாலும் லயத்துப் பிள்ளைதான். நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர், பகலில் கொழுந்தும் பசளையும் ஏற்றிவிட்டு அந்தியில் ஆளை ஏற்றுபவர். “இவ்வளவு பேரை ஏற்ற மாட்டேன்” என்று அவர் சொன்னால் நாளைக்கு வேறொருவர் அந்தச் சக்கரத்தைப் பிடிப்பார். மறுக்கும் அதிகாரம் இல்லாதவரின் தலையில் முழுப் பொறுப்பையும் கட்டுவது நீதியல்ல.

இதே முறையில் இன்னொரு பேச்சு இருக்கிறது: “அவர்களாகத்தானே ஏறுகிறார்கள், யாராவது பிடித்துத் தள்ளினார்களா?” இப்படிக் கேட்பவருக்குத் தோட்டத்துச் சம்பளம் எப்படி விழுகிறது என்று தெரியாது, அல்லது தெரிந்தும் கேட்கிறார். பிரட்டுக்குப் பிந்தினால் பேர் விழாது, அதாவது அன்றைய நாட்சம்பளம் பதிவாகாது. நிர்ணயித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர். 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா என்று நாட்சம்பளத்துக்காக நடந்த இழுபறியை எல்லோரும் அறிவோம். அந்தச் சம்பளம் நேரத்துக்கு மலையில் நிற்பவளுக்குத்தான். வண்டி நிறைந்திருக்கிறது, அடுத்த வண்டி இல்லை, நடந்தால் பேர் போகும் என்ற நிலையில் பின்கதவைப் பிடித்துத் தொங்கும் பெண் தானாக ஏறினாள் என்று சொல்வது பொய். ஏறாமல் இருந்தாலும் சம்பளம் வெட்டப்படாது என்ற உறுதி கிடைத்த நாளில்தான் அவள் ஏறுவதைச் சம்மதம் என்று சொல்ல முடியும்.

பாதை அரசாங்கத்தின் பாடு என்பதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நான் ஒளிக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டத்துக்குள் பிரதேச சபை பொதுப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. 2018இல் திருத்தம் வரும்வரை முப்பது ஆண்டுக்கு மேலாக, வரியும் வாக்கும் கொடுத்த மக்களின் பாதைக்கு ஒரு கூடை கல் போட உள்ளூராட்சிக்கு வழி இல்லாமல் இருந்தது. அது அரசு செய்த அநீதி, அதற்கு அரசு பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த முப்பது ஆண்டும் டிவிசனுக்கும் ஸ்டோருக்கும் இடையே உள்ள பாதை யார் கையில் இருந்தது? தோட்ட நிர்வாகத்தின் கையில். கொழுந்து லொறிக்குத் தேவைப்பட்ட இடத்தில் அது திருத்தப்பட்டது. பாதை கெட்டதென்றால் அந்தப் பாதையில் எந்த வண்டி போகலாம், எத்தனை பேரோடு போகலாம், மழையில் போகலாமா என்று முடிவெடுக்கும் கடமை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. மோசமான பாதை, கவனமின்மைக்குச் சாக்காக முடியாது.

சட்டமும் மெல்ல இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டபோது, வேலைக்கு வரும் வழியிலும் வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்து நட்டஈட்டுக்குள் வந்தது. நட்டஈட்டின் உச்ச வரம்பும் 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2002இல் கொண்டுவந்த உடன்பாடு வழிப்பயண விபத்தை வரையறுக்கும்போது மூன்று இடங்களைச் சொல்கிறது: தொழிலாளி குடியிருக்கும் இடம், வழக்கமாகச் சாப்பிடும் இடம், சம்பளம் வாங்கும் இடம். வேலைத் தலத்துக்கும் இந்த மூன்றுக்கும் இடையே உள்ள நேர் வழியில் நடப்பது வழிப்பயண விபத்து. லயம், பகல் சாப்பாடு, சம்பள நாள் என்று தோட்டத்து வாழ்க்கையைப் பார்த்தே எழுதியதுபோல் இருக்கிறது. எனவே “பயணம் வேலையில் சேராது” என்பதற்கு இனிச் சட்டத்தில் தாங்கல் இல்லை. ஆனால் நட்டஈடு மட்டும் போதும் என்று நினைப்பவர்களிடமும் நான் முரண்படுகிறேன். நட்டஈடு செத்தபிறகு வருகிறது. பத்திரம் தேட வேண்டும், தொழில் திணைக்களத்துக்கு அலைய வேண்டும், சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வரும் கடிதத்தை வாசிக்க ஆள் தேட வேண்டும். வண்டி விழாமல் இருப்பதற்கான விதி அதற்கு முன்னால் வர வேண்டும்.

இனி செலவு. இந்த வாதத்தைச் சிங்கப்பூரில் வைத்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அங்கே பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே லொறியின் பின்தட்டில் ஆளை ஏற்றுவது பொதுவாகச் சட்டவிரோதம். அவசர நிலையைத் தவிர்த்தால் விலக்கு யாருக்கு என்றால், வண்டிக்காரர் தன் வேலையாளை ஏற்றிச் செல்வதற்கு. அந்த வேலையாட்களில் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் போனவர்கள் ஏராளம். 2021 ஏப்ரல் 20 அன்று தீவு விரைவுச் சாலையில் 17 தொழிலாளரை ஏற்றிய லொறி, நின்றிருந்த டிப்பர் வண்டியில் மோதியது. இரண்டு பேர் இறந்தார்கள். ஆளை லொறியில் ஏற்றுவதையே நிறுத்துங்கள் என்று பொது அமைப்புகள் கேட்டன. பல வர்த்தக சங்கங்கள் 2023இல் ஒன்றுசேர்ந்து, நிறுத்தினால் தொழில்கள் பாதிக்கும் என்றன. அரசாங்கமும் முழுத் தடை நடைமுறைக்கு ஒத்துவராது என்றது. கூரை, உயர்ந்த கம்பி, மழைத் திரை, சாரதிக்கு ஓய்வு என்று படிப்படியாக விதி வந்ததே தவிர லொறித் தட்டு போகவில்லை. அத்தனை செல்வமும் உள்ள நாட்டிலேயே செலவு தாங்காது என்று சொல்ல முடிகிறதென்றால், அந்தச் சொல் பணத்தின் அளவைப் பற்றியதல்ல என்பது தெரிகிறது. யாருக்காகச் செலவிடுவது என்பதைப் பற்றியது அது.

நம் தோட்டங்களுக்கு வந்தால் கணக்கு இன்னும் தெளிவு. ஆள் பற்றாக்குறை, இளையவர்கள் வருவதில்லை, கொழுந்து முற்றி வீணாகிறது என்று கம்பனிகள் ஓயாமல் முறையிடுகின்றன. நனைந்து, நின்றுகொண்டு, உரச்சாக்கின் மேல் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போன தாயைப் பார்த்து வளர்ந்த பெண் அந்த வேலைக்கு ஏன் வர வேண்டும்? ஆடைத் தொழிற்சாலை அவளுக்கு வேனாவது அனுப்புகிறது. இருக்கையும் கம்பியும் ஏறுபடியும் வைத்த ஒரு வண்டி, ஆள் வராமல் ஒரு பருவம் முழுவதும் முற்றிப்போகும் மலையைவிடப் பெரிய நட்டமா? இந்தக் கேள்விக்குக் கணக்கு ஏட்டோடு ஒரு கம்பனியாவது எனக்குப் பதில் சொல்லிக் காட்டட்டும்.

பொலிஸைப் போட்டுப் பிடித்தால் தீரும் என்பவர்களும் இருக்கிறார்கள். கம்பம், போடிப் பக்கத்திலிருந்து விடியலுக்கு முன்னே ஜீப்புகளில் நெருங்கி உட்கார்ந்து இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு ஏறும் தமிழ்ப் பெண்களைப் பார்த்தால் இதன் குறை விளங்கும். விபத்து நடந்ததும் சோதனைச் சாவடியில் ஜீப்பை மறிப்பார்கள், பாதிப் பேரை இறக்கிவிடுவார்கள். இறங்கியவளுக்கு அன்றைக்குக் கூலி இல்லை. தோட்ட முதலாளி அந்தச் சாவடிக்கு வருவதே இல்லை. சில வாரங்களில் எல்லாம் பழையபடி. தண்டனை வண்டிக்காரனுக்கும் கூலிக்காரிக்கும் மட்டும் போய்ச் சேரும் முறை எதையும் மாற்றாது. வேலை கொடுப்பவரிடம் போக வேண்டிய கடிதம் வேறு.

அந்தக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஆளை ஏற்றும் வண்டி எது என்று பெயர் குறித்துச் சொல்ல வேண்டும், அதில் இருக்கை, கைப்பிடி, ஏறுபடி, கூரை, கொக்கி போட்ட கதவு இருக்க வேண்டும். இருக்கைக்கு மேல் ஒருவரும் ஏறக் கூடாது. கவ்வாத்துக் கத்தியும் பசளை மூட்டையும் மருந்துக் கலனும் ஆளோடு ஒரே பெட்டியில் போகக் கூடாது. கூர்க்கத்தியோடு புரளும் வண்டியில் காயம் எப்படி இருக்கும் என்று தோட்டத்து மருத்துவமாதுக்குத் தெரியும். காலையில் ஏறியவர் பெயரையும் மாலையில் இறங்கியவர் பெயரையும் கொழுந்து நிறை எழுதும் அதே கவனத்தோடு எழுத வேண்டும். சாரதிக்கு நடைக்கூலி கூடாது, நேரச் சம்பளம் வேண்டும், ஏற்ற மறுக்கும் உரிமை வேண்டும். ஒப்பந்தக்காரரின் வண்டி என்று சொல்லிக் கை கழுவ முடியாதபடி, யார் வண்டியானாலும் பொறுப்பு தோட்டத்துக்கே என்று எழுத வேண்டும்.

மழையைப் பற்றித் தனியாக எழுதியாக வேண்டும், வட்டவளையில் அதில்லாத விதி விதியே அல்ல. தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் எச்சரிக்கை விடுகிறது. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் சிவப்பு எச்சரிக்கை இருக்கும் நாளில் ஒரு வண்டியும் ஆளை ஏற்றி மலைக்குப் போகக் கூடாது, செம்மஞ்சளில் எந்தப் பாதை மூடப்படும் என்பது முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இங்கேதான் எல்லாவற்றின் முடிச்சும் இருக்கிறது: அந்த நாளுக்குப் பேர் விழ வேண்டும். விழாவிட்டால் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் ஆள் நடந்தாவது போவாள், விதி காகிதத்தில் நிற்கும். வண்டி பிந்தினாலும் அதேதான். ஏறிய நேரம் பிரட்டு நேரம் என்று வைத்தால் போதும், தொங்கிக்கொண்டு போகும் அவசரம் பாதி குறைந்துவிடும்.

பெண்களுக்குப் பயணப் பாதுகாப்பு என்பது விபத்தோடு முடிவதில்லை. பெண்களை இரவு வேலைக்கு அமர்த்தக் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் நீக்கியபோது, போக்குவரத்து வசதியையும் நிபந்தனைகளில் ஒன்றாக வைத்தது. ஐந்து ஆண்டு கழித்துப் பெங்களூரில் ஓர் அழைப்பு மையப் பெண் ஊழியர் இரவு வேலைக்குப் போக ஏறிய வண்டியின் சாரதியாலேயே கொல்லப்பட்ட பிறகு, சாரதி யார், வண்டி எங்கே என்று சரிபார்ப்பது நிறுவனத்தின் வேலை என்பதை இந்தியா கற்றுக்கொண்டது. நம் லயத்துப் பெண்கள் ஆடைத் தொழிற்சாலையிலிருந்தும் ஸ்டோரிலிருந்தும் இருட்டில் திரும்புகிறார்கள். கடைசியாக இறங்குபவள் தனியாக இருக்கக் கூடாது, டவுன் சந்தியில் இறக்கிவிட்டுப் போகாமல் லயத்துப் பாதை முனைவரை கொண்டுவந்து விட வேண்டும், சாரதியைப் பற்றி முறைப்பாடு செய்ய அந்தச் சாரதியின் மேலாளர் அல்லாத வேறொருவர் இருக்க வேண்டும். இதை எழுதும் குழுவில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்க வேண்டும். தினமும் ஏறுகிறவர்கள் அவர்கள்தான்.

தொழிற்சங்கங்களிடம் எனக்கு வருத்தம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. எத்தனையோ ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை சம்பளம் என்ற ஒற்றை எண்ணைச் சுற்றியே நடக்கிறது. அந்த எண் முக்கியம்தான், அதற்காக நடந்த போராட்டங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சம்பளத்தை வாங்க ஆள் உயிரோடு மலைக்குப் போய்த் திரும்ப வேண்டும். கூட்டு ஒப்பந்தம் நடைமுறையில் இருந்த காலத்திலேயே இதைக் கேட்டு வாங்கியிருக்கலாம். இப்போது சம்பளம் வர்த்தமானியில் வருகிறது, சங்கங்களுக்கு வேறு வேலை குறைந்திருக்கிறது. இதைக் கையில் எடுக்க இதைவிட நல்ல நேரம் இல்லை.

ஆகவே ஹட்டனிலும் கொட்டகலையிலும் இருக்கும் சங்கத் தலைவர்களிடம் கேட்கிறேன். அடுத்த முறை கம்பனியோடு மேசையில் உட்காரும்போது போக்குவரத்து விதிகளை ஒரே தாளில் தமிழில் எழுதிக்கொண்டு போங்கள். ஒப்பமும் திகதியும் வாங்காமல் எழுந்து வராதீர்கள். வாங்கி வந்ததை ஒவ்வொரு பிரட்டுக்களத்திலும் நீங்களே நின்று ஒட்டுங்கள்.